பீங்கானும் உலோகமும் பிணையுமாறு

ஹற்றன், நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்னும் இடங்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் மேலாகச் செல்லும் உயரழுத்த மின்கம்பிகளைத் தாங்குவன உருக்குக் கோபுரங்களே என்று காண்போர் எண்ணுவர். அது பாதி உண்மையேயாகும். கோபுரத்தின் கைக்கும் கம்பிக்கும் இடையே பீங்கான் தட்டுக்கள் ஒன்றன்கீழொன்றாகக் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. கம்பியின் முழுப் பாரமும், மலைக்காற்று அதனை உந்தும் விசையும், அத்தட்டுக்களின் வழியாகவே கோபுரத்தைச் சென்றடைகின்றன. ஒவ்வொரு தட்டின் மேலும் ஓர் இரும்புத் தொப்பி உண்டு. கீழே ஓர் உருக்கு முளை உண்டு. தொப்பியும் முளையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடின் மின்சாரம் கோபுரத்தில் இறங்கிவிடும். அவ்விரண்டையும் பிரித்து நிற்பதும் பீங்கான். பிணைத்து நிற்பதும் பீங்கான். ஆகவே இரும்பும் பீங்கானும் கூடும் இடத்திலேயே ஒரு மாவட்டத்தின் மின்வழங்கல் தொங்குகின்றது எனின் அது மிகையன்று.

இம்மின்சாரத்தின் வரலாறு மலைநாட்டிலேயே தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1912 ஆம் ஆண்டளவில் நுவரெலியாவுக்கு அணித்தாகவுள்ள பிளக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையம் அமைவதற்குக் காரணராயிருந்தார். 1918 ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படைத்த கட்டுரையில், மலையருவிகளின் வலுவை நாடு முழுமைக்கும் பயன்படுத்தலாம் என அவர் வாதித்தார். அவ்வெண்ணம் இலக்சபானாவில் 1950 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. முதற்கட்டத்தின் ஆற்றல் 25 மெகாவாற்று. பின்னர் 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், அப்பத்தாண்டின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் எழுந்தன. பின்னையதன் நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் இன்றும் வெளிப்படுகின்றன. ஒன்று கூறாது விடற்பாலதன்று: தலைக்கு மேலே கொழும்புக்கு மின்சாரம் சென்றுகொண்டிருந்த பல பத்தாண்டுகள், அக்கம்பிகளின் கீழிருந்த லயன் காம்பராக்களில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே.

இனிப் பீங்கான் தட்டினை நோக்குவோர்க்கு ஒரு புதிர் எழும். இரும்பு வெப்பத்தால் விரியும் அளவு, ஒரு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு. பீங்கான் விரிவது அதன் பாதியளவே. நண்பகல் வெயிலிற் காய்ந்து, அடுத்த நாழிகையில் மழையில் நனைந்து, இரவில் பனியிற் குளிரும் மலைநாட்டில் இவ்விரண்டும் ஒருபடித்தாக விரிந்து சுருங்க மாட்டா. இரண்டையும் இறுகப் பிணைத்தால் மென்மையானது நெகிழும், நொறுங்குவது நொறுங்கும். நொறுங்குவது பீங்கானே. இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி வியப்பானது. தொப்பிக்கும் பீங்கானுக்கும், பீங்கானுக்கும் முளைக்கும் இடையே சீமெந்துச் சாந்தினை இட்டனர். ஆயின் சீமெந்து உலோகத்தோடு நேரே ஒட்டாதவாறு உலோகத்தின்மேல் நிலக்கீல் மெழுகினை மெல்லியதாகப் பூசினர். முளையின் தலை கூம்பாக இருப்பதால், கம்பி கீழே இழுக்குந்தோறும் அது சாந்தினுள் ஆப்புப்போல இறுகும். வெப்பம் மாறும்போதோ நிலக்கீற் படலத்தின்மேல் இம்மியளவு வழுக்கிக்கொள்ளும். பீங்கான் இழுவிசையைத் தாங்குவதில் மெலிந்தது. அமுக்கத்தைத் தாங்குவதில் வலியது. ஆப்பின் விசை அமுக்கமாகவே அதனைச் சென்றடைகின்றது. ஒட்டாமையையும் ஓர் உறுப்பாக வைத்தே இப்பிணைப்பு ஆக்கப்பட்டுள்ளது.

இந்நுட்பம் எளிதிற் கைவந்ததன்று. தொங்கு தட்டுக் காவலியினை அமெரிக்காவில் ஹியூலற்று, பக்கு என்னும் இருவர் 1907 இல் அறிமுகஞ் செய்தனர். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில், பல நாடுகளில் பல்லாயிரந் தட்டுக்கள் வெளிப்படையான காரணமின்றி வெடித்தன. சீமெந்து ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பருத்து உள்ளிருந்தே பீங்கானைப் பிளந்தது என்பது பின்னரே தெளிந்தது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரளவு மழை பெறும் வட்டவளை போன்ற இடங்களுக்கு இப்பாடம் எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேற்கூறியது பொறிமுறைப் பிணைப்பு. ஒன்றன் வடிவம் மற்றொன்றனைக் கவ்வி நிற்பது. வேறொரு வகைப் பிணைப்புமுண்டு. தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிய எனாமற் கோப்பையே அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வெண்மையாகத் தோன்றும் அதன் மேற்பூச்சு உண்மையில் கண்ணாடி. உள்ளிருப்பது மெல்லிய இரும்புத் தகடு. கோப்பை தரையில் வீழ்ந்து வெண்பூச்சுச் சிதறினால் அவ்விடத்திற் கரிய வடு தோன்றும். அவ்வடு பெரும்பாலும் வெற்றிரும்பன்று. இரும்பின்மேல் முதலில் இடப்பட்ட அடிப்பூச்சேயாகும். அதிற் சிறிதளவு கோபாற்று ஒட்சைட்டும் நிக்கல் ஒட்சைட்டும் கலந்திருக்கும். சூளையிற் கண்ணாடி உருகும்போது இரும்பின் மேற்பரப்பிலுள்ள ஒட்சைட்டுப் படலம் அதனுட் கரைகின்றது. அதனால் உலோகத்திலிருந்து ஒட்சைட்டுக்கும், ஒட்சைட்டிலிருந்து கண்ணாடிக்கும் படிப்படியான ஒரு மாற்றம் உண்டாகின்றது. எங்கு இரும்பு முடிகின்றது, எங்குக் கண்ணாடி தொடங்குகின்றது என்று கோடு கிழித்துக் காட்டல் அரிது. இரசாயனப் பிணைப்பு என்பது இதுவே.

லயன் கூரைகளில் வேயப்பட்ட தகரமும் இவ்வினத்துக்கு உறவுடையது. 450 பாகை செல்சியசளவில் உருகிய நாகத்தில் இரும்புத் தகட்டினைத் தோய்க்கும்போது, இரும்பும் நாகமும் தம்முட் கலந்து பல படைகளாலான சேர்வைகளை ஆக்குகின்றன. நாகம் இரும்பின்மேல் நிறப்பூச்சுப்போல் ஒட்டியிருப்பதில்லை. அதனுள் வேர்விட்டு நிற்கின்றது. ஆயினும் தோய்ப்பதற்கு முன் தகட்டினை அமிலத்திற் கழுவித் துருவை நீக்காவிடின் நாகம் அங்குப் பற்றாது. பற்றாத இடத்திலிருந்தே துரு தொடங்கும். துருவிய இடத்திலிருந்தே மழை ஒழுகும். குடும்பமொன்று இரவெல்லாம் பாயை இடம் மாற்றிக்கொண்டிருக்க நேர்வதன் மூலகாரணம், எங்கோ ஓர் ஆலையில் ஒருகணம் கழுவப்படாது விடப்பட்ட விரலகலப் பரப்பாகவும் இருத்தல் கூடும்.

உருகிய உலோகமொன்று திண்பொருளின்மேற் பரவுமா, பரவாதா என்பதே எல்லாப் பிணைப்புக்கும் முதல் வினா. தாமரையிலைத் தண்ணீர் என்னும் வழக்கு அவ்வினாவின் ஒரு விடையை அடக்கியுள்ளது. துளியின் விளிம்பு பரப்போடு ஆக்கும் கோணம் தொடுகைக் கோணம் எனப்படும். அக்கோணம் 90 பாகையிற் குறைந்தால் திரவம் பரப்பினை நனைக்கும். கூடினால் உருண்டு நிற்கும். தோமசு யங்கு என்பார் 1805 இல் இக்கோணத்தினைப் பரப்பிழுவைகளின் சமநிலையால் விளக்கினார். ஒட்டியவற்றைப் பிரிக்கத் தேவையான வேலையை இக்கோணத்தினின்றே கணிக்கலாம் என்பது அந்நூற்றாண்டிலேயே டுப்பிரே என்பவராற் காட்டப்பட்டது. நனைத்தல் மிகுந்தால் ஒட்டுதலும் மிகும்.

இவ்விடத்தில் இலங்கையின் ஒரு பொருளை நினைவுகூர்தல் தகும். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும் பிறவிடங்களிலும் எடுக்கப்படும் காரீயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மூசைத் தொழிலாளரால் விரும்பி வாங்கப்பட்டது. களிமண்ணோடு காரீயத்தைச் சேர்த்துச் சுட்ட மூசையில் உலோகத்தை உருக்கிப் பலமுறை வார்க்கலாம். உலோகம் அதனை நனைப்பதில்லை, ஆதலின் பிடித்துக்கொள்வதுமில்லை. மூசைக்கு எது பெருமையோ, அதுவே கூட்டுப்பொருள் ஆக்குவோனுக்கு இடர்.

கூட்டுப்பொருள் என்பது யாது? மென்மையும் வளைந்துகொடுக்கும் இயல்புமுடைய ஓர் உலோகத்தினுள், வலிமை மிக்க பீங்கானின நார்களைப் பதித்து ஆக்கப்படுவது. உலோகம் தாய்ப்பொருள்; நார் வலுவூட்டி. வைக்கோல் கலந்து பிசைந்த மண்சுவரைக் கண்டோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. பீங்கான் பெருந்துண்டாக இருக்கையில் எளிதில் உடைவதற்குக் காரணம் அதன் பரப்பிலும் உள்ளிலும் உள்ள நுண்ணிய வெடிப்புக்களே. மயிரினும் மெல்லிய நாராக அதனை இழுக்கும்போது பெரிய வெடிப்புக்களுக்கு அங்கு இடமில்லை. வலிமை பன்மடங்கு பெருகுகின்றது. அலுமினிய ஒட்சைட்டு, அஃதாவது அலுமினா, இவ்வாறு 12 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள நாராக்கப்படின் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 2800 நியூற்றன் அளவு இழுவிசையைத் தாங்கும். நல்ல உருக்குக் கம்பியும் இதற்குப் பிற்பட்டதே.

ஆனால் நார் தானாகப் பாரத்தைப் பெறமாட்டாது. பாரத்தை முதலில் ஏற்பது சூழ்ந்திருக்கும் உலோகம்; அது நாரின் பக்கங்களைப் பற்றி இழுப்பதனாலேயே பாரம் நாருக்குள் ஏறுகின்றது. கெல்லி, ரைசன் என்னும் இருவர் 1965 இல், செம்பினுள் தங்குதன் கம்பிகளைப் பதித்துச் செய்த ஆய்வுகளால் இதற்கொரு கணக்கினை நிறுவினர். நாரின் வலிமையை அதன் விட்டத்தாற் பெருக்கி, இடைமுகம் தாங்கும் வழுக்கு விசையின் இருமடங்கால் வகுத்தால் வரும் நீளமே மாறுநிலை நீளம். நார் அதனினும் குறுகியதாயின் முழு வலிமையைக் காட்டுமுன் உருவிக்கொண்டு வந்துவிடும். மேற்சொன்ன அலுமினா நாரை மென்மையான தூய அலுமினியத்தினுள் வைத்து, இடைமுகம் சதுர மில்லிமீற்றருக்கு 35 நியூற்றன் தாங்கும் எனக் கொண்டாற் கணக்கு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் என வரும். பிணைப்பு பத்திலொன்றாகக் குன்றினால் அந்நீளம் ஐந்து மில்லிமீற்றரை அண்மும். இடைமுகத்தின் பரப்பும் எண்ணிப் பார்த்தற்குரியது. கனவளவில் நூற்றுக்கு 60 பங்கு இத்தகைய நார் கொண்ட ஒரு கன சென்ரிமீற்றர்க் கூட்டுப்பொருளினுள்ளே 2000 சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பு ஒளிந்துகிடக்கின்றது. தாயக்கட்டை அளவான துண்டொன்றில் ஒரு சிறுமேசையின் பரப்பு! அதன் ஒவ்வொரு புள்ளியிலும் உலோகம் பீங்கானை நனைத்திருத்தல் வேண்டும்.

அலுமினியமோ நனைக்க விரும்பாத உலோகம். அது 660 பாகையில் உருகும்; ஆயினும் காற்றுப்பட்ட மாத்திரத்தே அதன் முகத்தில் ஒட்சைட்டுத் தோல் படர்ந்துவிடும். அத்தோல் உடையாதவரை உலோகமும் நாரும் உண்மையிற் சந்திப்பதில்லை. உருகுநிலைக்கு அண்மையில் தொடுகைக் கோணம் 90 பாகைக்கு மேற்பட்டே நிற்கும். வெப்பத்தை 1000 பாகையளவுக்கு உயர்த்தினால் நனைத்தல் உண்டாகும். ஆனால் அவ்வளவு வெப்பம் வேறு தீங்குகளை விளைக்கும். எனவே வேறு வழிகள் நாடப்பட்டன. உருகிய உலோகத்தைப் பேரமுக்கத்தால் நார்களின் இடைவெளியிற் புகுத்துவது ஒன்று. மகனீசியத்தைச் சிறிது சேர்த்து, அது ஒட்சைட்டோடு தாக்கமுற்றுச் சுபினெல் என்னும் இடைச்சேர்வையை ஆக்கச் செய்வது மற்றொன்று. நாரின்மேல் நிக்கல் போன்ற உலோகத்தை முன்னரே பூசுவது பிறிதொன்று. இறுதியாகக் கூறியதன் ஆற்றலை 1960களில் அமெரிக்காவில் நிறுவியவர் இந்தியரான பிரதீப் ரோகத்கி. நிக்கல் பூசிய காரீயத் துகளை உருகிய அலுமினியத்தினுட் செலுத்தி, மூசை வெறுத்த அவ்விணைப்பினை அவர் நிகழ்த்திக் காட்டினார். பின்னர்த் தாய்நாடு திரும்பித் திருவனந்தபுரத்திலும் போபாலிலும் வட்டார ஆய்வுகூடங்களுக்குத் தலைமை தாங்கினார். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த சுரப்பாவும் அவரும், பீங்கான் துகள் கலந்த அலுமினிய வார்ப்புப் பற்றி 1981 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. சப்பானில் தொயோற்றா நிறுவனம் 1983 இல், டீசல் இயந்திர ஆடுதண்டின் வளையப் பள்ளத்தைப் பீங்கான் நாரால் வலுவூட்டி விற்பனைக்குக் கொணர்ந்தது.

பிணைப்பு எத்துணை வலிதாயின் அத்துணை நன்று என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறு. ஒரு நார் ஒடியும்போது அவ்வெடிப்பு உலோகத்தினூடே பாய்ந்து அடுத்த நாரை அடைகின்றது. இடைமுகம் மிக இறுகியதாயின் வெடிப்புத் தடையின்றி அந்நாரையும் ஊடறுத்துச் செல்லும். பொருள் முழுவதும் பீங்கானைப் போலவே ஒரே அடியில் உடையும். இடைமுகம் ஓரளவு விட்டுக்கொடுப்பதாயின் வெடிப்பு அங்கே பக்கவாட்டில் திரும்பி வலுவிழக்கும். குக்கு, கோடன் என்போர் 1964 இல் இதனைக் கணித்து, இடைமுகத்தின் வலிமை பொருளின் உள்வலிமையில் ஏறத்தாழ ஐந்திலொன்றாயிருத்தல் தக்கது எனக் கூறினர். காவலித் தட்டின் நிலக்கீற் படலம் செய்ததும் ஒருவகையில் இதுவேயன்றோ!

இரசாயனத் தாக்கமும் அளவறிந்து நிகழ வேண்டும். காபன் நாரை அலுமினியத்தில் இட்டு நெடுநேரம் வெப்பத்தில் வைத்தால் அலுமினியக் காபைட்டு உண்டாகும். அது நொறுங்குந் தன்மையது. போதாக்குறைக்கு நீரால் அரிக்கப்படுவது. மலைநாட்டு மழையில் அத்தகைய பொருள் நிலைக்குமென எதிர்பார்த்தல் வீண். அலுமினா நாருக்கு இவ்விடர் இல்லை. அலுமினியத்தின் ஒட்சைட்டு அலுமினியத்தோடு மேலும் தாக்கமுற வழியில்லை. மின் கடத்தாத அந்நார், காபனைப்போல அயலிலுள்ள உலோகத்தை அரிக்கும் மின்கலமாகவும் மாறுவதில்லை. நனைப்பது கடினம், நனைத்தபின் நிலைபேறு உறுதி. மேலும், உருகிய நிலையிலிருந்து குளிரும்போது அலுமினியம் நாரைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு சுருங்குவதால், அது நாரினைச் சுற்றி இறுகிப் பொறிமுறைப் பிடியையும் தருகின்றது.

இவ்வாராய்ச்சியெல்லாம் மீண்டும் மின்கம்பியிடமே கொண்டு சேர்க்கின்றன. இலங்கையின் உயரழுத்த வழிகளில் பெரிதும் வழங்குவன, உருக்கு இழைகளை நடுவில் வைத்து அலுமினிய இழைகளைச் சூழ முறுக்கிய கம்பிகளே. 'லிங்ஸ்', 'சீப்றா' என விலங்குகளின் பெயரால் அவை வழங்கப்படும். லிங்ஸ் என்பதில் அலுமினிய இழை 30, உருக்கு இழை 7. மின்னோட்டம் மிகுந்தாற் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் இரு கோபுரங்களுக்கிடையே தொய்ந்து தாழும். மலைச்சரிவில் அதன் கீழே கொழுந்து பறிப்போர் நிற்கின்றனர். லயன் கூரைகள் உள்ளன. ஆதலால் தொய்வின் எல்லையே மின்னோட்டத்தின் எல்லையாகிவிடுகின்றது. மின்தேவை பெருகினால் புதிய கோபுரங்கள் வேண்டும். கோபுரங்களுக்கு நிலம் வேண்டும். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் காய்கறித் தோட்டமும் குடியிருப்பும் அந்நிலக் கணக்கில் முன்னிற்பதுண்டு. நீர்த்தேக்கங்களின் வரலாறு அதனை ஒருமுறை காட்டிவிட்டது.

இதற்கு ஒரு விடையாகவே அமெரிக்காவின் 3 எம் நிறுவனம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு புதுக் கம்பியை வழக்கிற்குக் கொணர்ந்தது. அதன் நடுவில் உருக்கு இல்லை. அலுமினா நார்களைத் தூய அலுமினியத்திற் பதித்த கூட்டுப்பொருள் இழைகள் உள்ளன. அத்தகைய இழையை ஆக்க, நார்க்கற்றையை உருகிய அலுமினியத்தினூடே இழுக்கும்போதே மீயொலி அதிர்வினால் ஒட்சைட்டுத் தோலைச் சிதைத்து, உலோகத்தை நார்களின் இடையே புகுத்தலாம். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓரிழையில் நூற்றுக்கு 60 பங்கு நாராயின், அதனுள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நார்கள் அடங்கும் எனக் கணக்கிடலாம். அடர்த்தி உருக்கின் பாதிக்கும் குறைவு. வெப்ப விரிவு உருக்கின் ஏறத்தாழப் பாதி. உருக்கு நடுவுடைய வழமையான கம்பி 100 பாகையைத் தாண்டலாகாது. இதுவோ 210 பாகையிலும் இடையறாது இயங்கவல்லது. புறத்தே சூழும் இழைகளும் அவ்வெப்பத்தில் மென்மையடையாதவாறு சேர்க்கோனியம் கலந்த அலுமினியத்தால் ஆனவை. பழைய கோபுரங்களிலேயே, பழைய உயரத்திலேயே, இருமடங்களவு மின்னோட்டத்தைச் செலுத்தலாம் என்பது இதன் பயன்.

குறைகளும் உள. விலை உருக்குக் கம்பியினதைப் போலப் பன்மடங்கு. கம்பியை ஏற்றும் முறையும் மாறவேண்டும். உருக்கு நடு, சிறிய கப்பியின்மேல் வளைந்து சென்று பின் நேராகும்; பீங்கான் நாரோ ஓரளவுக்கு மேல் வளைத்தால் ஒடியும். உள்ளே ஒடிந்தது வெளியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் பெரிய கப்பிகளும், கூரிய திருப்பங்களில் நிரையாக அமைந்த பல கப்பிகளும் வேண்டும். முடிவிடங்களில் கம்பியைப் பற்றும் குழலை வெறுமனே நசுக்கினால் நார் நொறுங்கும். நடுவிழைகளைச் சூழ மென்மையான அலுமினிய உறையிட்டு, அதன்மேல் உருக்குக் குழலை அழுத்தி, பிடி நீளம் முழுவதும் பாரம் பரவச் செய்தல் வேண்டும். மஸ்கெலியாச் சரிவு போன்ற இடத்தில், சேற்றுப் பாதையிற் கம்பிச் சுருளை இழுத்து ஏறும் தொழிலாளர்க்கு இவ்விதிகளைக் கற்பிக்காது கம்பியை மட்டும் வாங்கினால், நாரும் உலோகமும் ஆலையிற் பெற்ற பிணைப்பு கோபுரத்தை அடையுமுன்னரே அற்றுவிடும்.